தயிர்சாதமும் நெத்திலியும்

ஐப்பசி மாதம் ஐந்தாம் தேதி வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, சாத்தன்கரை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பிரமநாயகம் பிள்ளையின் சைவ ஓட்டலில், முதல் ஈட்டு இட்லிமேல் ஊற்றிய சாம்பார் இட்லியைத் தொடாமல், சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு இறங்கி, ஒரு விரல் தள்ளிப் போய் நின்றுகொண்டது. பரிமாறிய பலவேசம் இன்னொரு கரண்டி ஊற்றினான். அதுவும் போய் முதல் சாம்பாரோடு சேர்ந்துகொண்டது. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பி.டி. வாத்தியார் இசக்கியப்பன் இட்லியைப் பிய்த்துச் சாம்பாருக்குள் அமுக்கிப் பார்த்தார், சாம்பார் நாலாபுறமும் விலகி இட்லிக்கு இடம்விட்டது. அப்படியே இரண்டையும் அள்ளி வாயில் போட்டார். இட்லி இடது கன்னத்திலும் சாம்பார் வலது கன்னத்திலும் போய் அமர்ந்துகொண்டு, இரண்டுமே தொண்டைக்குள் இறங்க மாட்டோம் என்று இருந்துவிட்டன. அவர் உப்பிய கன்னத்தோடு எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்து, "அண்ணாச்சி, சட்னி இருக்கா?" என்று கேட்டார்.

சட்னியும் ஒதுங்கியது.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஊரில் இருந்த அத்தனை வீட்டிலும் இதே கதைதான். பூரி கிழங்கை உதறியது, அடை அவியலை உதறியது, டீயில் முக்கிய ரஸ்க் நனையாமல் காய்ந்தபடியே வெளியே வந்தது. தனியாக இட்லியை மட்டும் தின்றுவிடலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை, துணையில்லாத பண்டம் எதுவும் தொண்டையைத் தாண்டவில்லை, தண்ணீரும் மோரும்தான் இறங்கின. பக்கத்து ஊர்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் எங்கள் ஊர்க்காரன் எந்த ஊருக்குப் போய் இலை போட்டாலும் அவன் இலையில் மட்டும் சாம்பார் தள்ளி நின்றது. ஏன் இப்படி என்று யோசிக்க எங்களுக்கு நேரமில்லை, பசித்தது.

ஆகையால் எது எதோடு சேரும் என்று தேட ஆரம்பித்தோம். ஒரு வீட்டில் குழந்தை அழுகையை நிறுத்துவதற்காகக் கையில் கொடுத்த நன்னாரி சர்பத் இட்லித் தட்டில் கொட்ட, இட்லி அதை ஒரு நொடியில் உறிஞ்சிக்கொண்டது, அன்று சாயங்காலத்துக்குள் நன்னாரி பாட்டில் ஊரில் கிடைக்கவில்லை. சாம்பார் ஜிலேபிக்குள் குழல் குழலாகப் புகுந்து நின்றது. தோசைக்குத் தர்பூசணி, பூரிக்கு மீன்குழம்பு, முட்டைக்குக் கடலைமிட்டாய், டீக்குக் கொத்தமல்லித் துவையல். பெருமாள் கோவிலில் சர்க்கரைப் பொங்கல் பச்சை மிளகாயைத்தான் ஏற்றுக்கொண்டது. பட்டர் ஆளுக்கு ஒரு உருண்டையும் ஒரு மிளகாயும் கொடுக்க, எல்லாரும் கண்ணீர் வழியச் சன்னதியைச் சுற்றி வந்தார்கள், வெளியூர் பக்தர்கள் எங்கள் பக்தியைப் பார்த்து அசந்துபோனார்கள். உப்புமாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது முன்பும் எதோடும் அவ்வளவாக ஒட்டியதில்லை, தனியாகவே இறங்கியது, ஆனால் எத்தனை நாளைக்கு.

முதலில் ஒருவர் இலையைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தோம். "அய்ய, எப்படித்தான் திங்கியோ" என்று சொன்னவர்கள் மறுநாள் அதையே தின்றார்கள். பேரூராட்சியில் அவசரக் கூட்டம் போட்டு, இட்லியும் சாம்பாரும் உடனடியாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, அதைப் பஸ் நிறுத்தத்தில் ஒட்டினார்கள். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் சொதிக்கு என்ன தொட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பத்து நாளில் எல்லாம் பழகிவிட்டது. பழகாதவர் பிரமநாயகம் பிள்ளை ஒருவர்தான்.

அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. நெற்றியில் மூன்று பட்டை விபூதி எந்நேரமும் ஈரம் காயாமல் இருக்கும். ஓட்டல் பலகையில் 'சுத்த சைவம்' என்று எழுதி, 'சுத்த' என்பதை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக எழுதச் சொல்லியிருந்தார். அந்தப் பலகைக்கு நேர் அடுத்த பலகை மிக்கேலம்மாளின் கருவாட்டுக் கடை. புருஷன் கடலோடு போன பிறகு கடற்கரை ஊரிலிருந்து வந்து, பதினோரு வருஷமாக அந்தச் சின்னக் கடையை நடத்திக்கொண்டிருந்தாள். நெத்திலியும் சாளையும் அவளே பனம்பாயில் காயப்போட்டது, உப்புக் குறைச்சலாக இருக்கும். பிரமநாயகம் பிள்ளை காலையும் மாலையும் கடைப் பக்கமாகப் பார்த்துச் சாம்பிராணி போடுவார். அவள் சாம்பிராணிப் புகை கருவாட்டில் ஏறுகிறது என்று ஒரு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைப்பாள். ஆவணியில் அவர், கருவாட்டுக் கடையை ஊருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்று ஒரு மனு எழுதினார். நூற்றுப் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டோம். குடிக்க ஒரு காப்பி கொடுத்துப் பேனாவையும் நீட்டினார், போட்டோம், அவ்வளவுதான். புரட்டாசியில் உத்தரவு வந்தது. கார்த்திகை ஒன்றாம் தேதிக்குள் மிக்கேலம்மாள் காலி செய்ய வேண்டும்.

அவருடைய கோபமெல்லாம் இப்போது உணவின்மேல் திரும்பியது. சைவ ஓட்டலில் சர்பத்தா, ஜிலேபியா, அதுவும் பூரிக்கு மீனா. தன் அடுப்படியில் இதெல்லாம் நடக்காது என்று உப்புமா மட்டும் போட்டார். நாலாம் நாள் ஆள் வரவில்லை. பலவேசம் தயிர்சாதம் மட்டுமாவது கிண்டுவோம், யாராவது துணையைக் கண்டுபிடித்துக் கொள்வார்கள் என்றான். அந்தத் தயிர்சாதத்துக்கு எங்கள் ஊரில் யாராலும் துணை கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்டுபிடிக்க வேண்டிய அவசரம் அவர் வீட்டிலேயே இருந்தது. அவர் மனைவி ஆவுடையம்மாளுக்குக் குடலில் புண். புரட்டாசிக் கடைசியில் டாக்டரம்மா, மூன்று மாசத்துக்குக் காரம் கூடாது, புளி கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, குழைந்த தயிர்சாதம் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். தயிர்சாதம் இறங்க மறுத்ததும் அந்த அம்மாள் மோரைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். பிரமநாயகம் பிள்ளை மாவடு வைத்துப் பார்த்தார், நார்த்தங்காய் வைத்துப் பார்த்தார், மாதுளை முத்து, கேரட் துருவல், வேகவைத்த கத்திரிக்காய், பேரீச்சை, பாகற்காய், பனங்கிழங்கு, அல்வா, கற்கண்டு, அரைத்த மல்லிகைப் பூ வரைக்கும் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் தயிர்சாதம் தட்டின் ஒரு பக்கமாகக் கூம்பி நின்றது. ஏழெட்டு நாளில் ஆவுடையம்மாளின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

"உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலை," என்று அவர் கத்தினார், மனைவியிடம் அல்ல, தட்டிடம்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பலவேசம்தான் வந்து சொன்னான். சொல்வதற்கு முன்னால் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான்.

"அண்ணாச்சி, கோவப்படக் கூடாது. பக்கத்துக் கடைக்கு நம்ம தயிர்சாதம் தினம் ஒரு பொட்டலம் போகும்."

"எந்தக் கடைக்கு?"

"மிக்கேலம்மாவுக்கு. பதினோரு வருசமா போகுது. உங்களுக்குத் தெரிஞ்சா குடுக்க மாட்டியன்னு பொறவாசல் வழியாத்தான் குடுப்பேன். அது நெத்திலிய வறுத்துத் தொட்டுக்கிட்டுத் திங்கும். இன்னைக்கு வரைக்கும் அதுக்கு ஒரு நாளும் இறங்காம இருந்ததில்ல. ஊர்ல எதுக்குச் சத்தம் போடுதாங்கன்னு என்கிட்டயே கேக்குது."

பிரமநாயகம் பிள்ளை பலவேசத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போய்ச் சாம்பிராணி போட்டார்.

ஆனால் பலவேசம் அவரிடம் சொல்வதற்கு முன்பே எங்களிடம் சொல்லியிருந்தான். மறுநாள் மத்தியானம் நாங்கள் சைவ ஓட்டலில் தயிர்சாதப் பொட்டலம் வாங்கி, பத்தடி நடந்து, கருவாட்டுக் கடைப் படியில் வரிசையாக உட்கார்ந்து, மிக்கேலம்மாள் வாணலியில் வறுத்துத் தந்த நெத்திலியை வைத்துத் தின்றோம். பத்து நாள் பசி அது. தயிர்சாதம் நெத்திலியைக் கண்டதும் தானாக இளகி அதன்மேல் படர்ந்ததை எங்கள் கண்ணால் பார்த்தோம். இசக்கியப்பன் வாத்தியார் மூன்று பொட்டலம் தின்றுவிட்டு விரலை ஒவ்வொன்றாகச் சப்பினார். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் அன்று அந்தப் படியில் உட்காராதவர் ஒருவரும் இல்லை, மிக்கேலம்மாளும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு வறுத்துக் கொட்டினாள்.

ஆவுடையம்மாள் அன்று வீட்டில் படுத்தபடி சொன்னாள். "போயி நாலு நெத்திலி வாங்கிட்டு வாங்க."

"என்ன பேசுத ஆவுடை? ஏழு தலைமுறையா இந்த வீட்டுல…"

"ஏழு தலைமுறையில யாருக்கும் இப்படித் தயிர்சாதம் தள்ளி நின்னுச்சா?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். எனக்குப் பசிக்குதுங்க."

அவர் டாக்டரம்மாவிடம் ஓடினார். அவள் இது நன்றாக வந்து வாய்த்தது எனக்கு என்று தலையில் கைவைத்துக்கொண்டு, உப்புக் குறைச்சலான கருவாடாக இருந்தால், கழுவி, எண்ணெய் இல்லாமல் சுட்டு, இரண்டு துண்டு சாப்பிடட்டும், பட்டினிக்கு அது தேவலை என்றாள். அவர் திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பி, ஊருக்குத் தெரியாமல் ஒரு பொட்டலம் வரவழைத்தார். அது உப்பாகக் கரித்தது, ஆவுடையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சுருண்டு கிடந்தாள்.

மூன்றாம் நாள் அவளே எழுந்தாள். நல்ல சேலை ஒன்றை உடுத்தி, தலை வாரி, கையில் தூக்குச்சட்டியோடு, பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு ஓட்டல் வாசல் வழியாக உள்ளே வந்தாள். பலவேசம் கொடுத்த தயிர்சாதத்தைச் சட்டியில் வாங்கிக்கொண்டாள். கல்லாவில் இருந்த புருஷனை ஒரு முறை பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்தபடியே நடந்து கருவாட்டுக் கடைக்குப் போனாள். நாங்கள் படியில் இடம்விட்டோம்.

"மிக்கேலம்மா, எனக்கு எண்ணெயில்லாம சுட்டுத் தா."

"உக்காருங்க மதினி. படியில வேண்டாம், இந்த ஸ்டூல்ல உக்காருங்க," என்றாள் மிக்கேலம்மாள்.

மெதுவாகத்தான் தின்றாள். முதல் கவளம் இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள். கல்லாவில் இருந்த பிரமநாயகம் பிள்ளை எழுந்து வெளியே வந்து, அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தன்னுடைய பலகையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மறுநாளும் அவள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள், ஐந்தாம் நாள் சுவரைப் பிடிக்காமல் வந்தாள்.

இப்போது கார்த்திகை பிறக்க ஒரு வாரம் இருந்தது. பிரமநாயகம் பிள்ளை பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய், தன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். அங்கிருந்த எழுத்தர் டீயில் துவையலைக் கரைத்துக்கொண்டே, "உத்தரவு போட்ட மனுவ எப்படி அண்ணாச்சி திரும்பத் தர முடியும்? முட்டைய உடைச்ச பொறவு ஓட்டைக் கேக்கியளே," என்றார்.

"நான்தான குடுத்தேன். நானே வேண்டாம்னு சொல்லுதேன்."

"நீங்க மட்டுமா குடுத்திய? நூத்திப் பதினெட்டுப் பேரு. கடை இருக்கலாம்னு அதே மாதிரி ஒரு புது மனு எழுதி, அத்தனை பேருகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அடுத்த கூட்டத்துல வைப்போம்."

"அடுத்த கூட்டம் எப்போ?"

"தையில."

அவர் நாலு முறை போனார், நாலு முறையும் தை என்றே சொன்னார்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி மிக்கேலம்மாள் யாரும் சொல்லாமலே தன் பாய்களைச் சுருட்டி, தராசைத் துணியில் கட்டி, ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கொம்பன்விலக்குக்குப் போய்விட்டாள். ஏறும்போது ஆவுடையம்மாளின் கையில் ஒரு பொட்டலம் கொடுத்து, "இது நாலு நாளைக்கு வரும் மதினி. பொறவு ஆளனுப்புங்க," என்றாள்.

அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டுக்கு வாங்கப் போனோமே தவிர, சுமந்து வர இன்னொரு பொட்டலத்துக்கு யார் பையிலும் இடமில்லை. ஐந்தாம் நாள் பிரமநாயகம் பிள்ளை விபூதி பூசி, வேட்டி மாற்றி, ஒரு மஞ்சள் துணிப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார். முதல் நாள் கடைக்கு இருபதடி தள்ளி நின்று, பணத்தை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, பையை விரித்துப் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிக்கேலம்மாள் நடந்து வந்து பொட்டலத்தைப் பைக்குள் போட்டாள். ஒரு வாரத்தில் பத்தடியானது. மார்கழி பிறந்தபோது, காலையில் கோவிலில் பதிகம் பாடிவிட்டு நேராக அங்கே வந்து, பாய்க்குப் பக்கத்தில் நின்று, இது நல்லாக் காயலையே, நேத்து மேகமா இருந்துச்சே என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனாலும் எரிச்சல் மட்டும் குறையவில்லை. மழை வந்தால் மழையைத் திட்டினார், பஸ் வராவிட்டால் பஸ்ஸைத் திட்டினார், நெத்திலி கிடைக்காத நாளில் கடலைத் திட்டினார். ஆவுடையம்மாளுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது.

தை மூன்றாம் தேதி காலை எங்கள் வீடுகளில் சாம்பார் இட்லிமேல் ஊறியது.

யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேரூராட்சித் தீர்மானத்தைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் துணிக்கடை விளம்பரம் ஒட்டினார்கள். அன்று மத்தியானம் சைவ ஓட்டலில் உட்கார இடமில்லை. டாக்டரம்மா ஆவுடையம்மாளின் வயிற்றை அழுத்திப் பார்த்து, புண் ஆறிவிட்டது, இனி எல்லாம் சாப்பிடலாம் என்றாள்.

பிரமநாயகம் பிள்ளை புது மனுவை அன்றே எழுதினார். தன் கையெழுத்தை முதலில் போட்டார், ஆவுடையம்மாள் இரண்டாவதாகப் போட்டாள். பிறகு அவர் வீடு வீடாக வந்தார். நாங்கள் உட்காரச் சொன்னோம், காப்பி கொடுத்தோம்.

"இப்ப எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்? அந்தம்மாவுக்கு அங்க நல்லாத்தான ஓடுது."

"நல்லா ஓடுதுன்னு நீ போய்ப் பாத்தியா?"

"இல்ல. சொல்லுதாங்க. திரும்ப இங்க வந்தா வாடை வரும்லா. பிள்ளைகள் படிக்கிற இடம்."

இசக்கியப்பன் வாத்தியார், தான் அந்தப் படியில் உட்கார்ந்ததாகத் தனக்கு நினைவே இல்லை என்றார். வேறு யாரையாவது பார்த்திருப்பீர்கள் என்றார். பிரமநாயகம் பிள்ளை காப்பியைக் குடிக்காமல் எழுந்தார். நாற்பது வீடு ஏறி இறங்கிய பிறகு பலவேசம் ஒரு கையெழுத்துப் போட்டான். மொத்தம் மூன்று.

அந்த மூன்று கையெழுத்தோடு அவர் கொம்பன்விலக்குக்குப் போனார். மிக்கேலம்மாள் அதை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு தராசுக்குக் கீழே இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். அது பழைய மனுவின் நகல்.

"இதையும் ஒருக்கா வாசிங்க அண்ணாச்சி. சத்தமா வாசிங்க. எனக்குச் சின்ன எழுத்து தெரிய மாட்டேங்கு."

அவர் வாசித்தார். மேற்படி கடையிலிருந்து எழும் துர்நாற்றத்தால் மனிதர்கள் குடியிருக்க முடியவில்லை என்பது வரை வாசித்தார். அடுத்த வரி, மேற்படி பெண் எந்தச் சுத்தமும் அறியாதவர் என்று இருந்தது. அதை வாசிக்காமல் தாளைத் திருப்பி நீட்டினார்.

"அது நீங்க எழுதினதா, வேற யாரும் எழுதிக் குடுத்ததா?" என்று கேட்டாள்.

"நான்தான் எழுதினேன்."

"ம்." அவள் தாளை வாங்கி மடித்தாள். "நான் அங்க வரலை அண்ணாச்சி. நீங்க முன்னூறு கையெழுத்து வாங்கிட்டு வந்தாலும் வரலை. இங்க யாரும் எனக்குச் சாம்பிராணி காட்டல. மதினிக்கு ஒடம்பு எப்படி இருக்கு?"

"தேவலை. எல்லாம் சாப்பிடலாமாம்."

"அப்ப இனி நெத்திலி வேண்டாம்லா."

"ஆவுடை வேணும்ங்கா," என்றார் அவர், எரிச்சலாக. "தயிர்சாதம்தான் பழையபடி மாங்காயோட சேருதே, பொறவு என்னன்னு கேட்டேன். சேருறதுக்காகவா தின்னேன், நல்லா இருக்குன்னு தின்னேன்ங்கா. நான் என்ன செய்ய? கால் கிலோ போடு."

அவள் அரைக் கிலோ போட்டாள். உள்ளே ஒரு கைப்பிடி சாளையும் போட்டாள், அது மதினிக்கு, சும்மா என்றாள்.

நாலு மணி பஸ்ஸில் கூட்டம். பிரமநாயகம் பிள்ளை பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் அந்தப் பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். முதலில் ஜன்னலைத் திறந்தோம். பிறகு முந்தானையையும் துண்டையும் மூக்கில் வைத்துக்கொண்டோம். இசக்கியப்பன் வாத்தியார்தான் நடத்துநரைக் கூப்பிட்டு, "மனுசன் உக்கார முடியல, இதையெல்லாம் எப்படி ஏத்துதியோ," என்றார். அவர் யார் பை என்று பார்க்காமல் சொன்னாரா, பார்த்துத்தான் சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை.

நடத்துநர் வந்து பையைப் பார்த்து, "பெரியவரே, பையை மேல டாப்புல போடுங்க, இல்லன்னா இறங்கிக்கிடுங்க," என்றார்.

டாப்பில் காக்கை கொத்தும் என்றார் அவர். பிறகு எழுந்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் தாண்டி நடந்து, பாதி வழியில், ஒரு வீடும் மரமும் இல்லாத இடத்தில் இறங்கிக்கொண்டார். பஸ் கிளம்பியது. பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தவர்களுக்கு, வெள்ளை வேட்டியும் மஞ்சள் பையுமாக அவர் தார் ரோட்டின் ஓரத்தில் நடக்கத் தொடங்கியது தெரிந்தது.

வீடு வந்து சேர அஞ்சரை மணி ஆகிவிட்டது. ஆவுடையம்மாள் தயிர்சாதத்தைப் பிசைந்து மூடிவைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"நடந்து வந்தேன்."

"ஏன், பஸ் இல்லையா?"

அவர் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, பையை அவள் கையில் கொடுத்தார்.

"இருந்துச்சு," என்றார். "நாறுதாம்."

ஆவுடையம்மாள் பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு," என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள்.